ஹேண்டில் கம்பியிலிருந்து சாவி வரை: ஸ்டார்ட்டர் மோட்டாரின் வரலாறு



இலக்கணமும் பாடத்திட்டமும் எழுதிக்கொண்டிருந்த இவர் ஏன் இன்று மகிழுந்தின் இயந்திரப் பாகம் ஒன்றைப் பற்றி எழுத வந்தார் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. வரலாறு என்பது மன்னர்களும் போர்களும் மட்டுமன்று. நாள்தோறும் நம் கைபடும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னதை நானே ஒரு நாள் கற்க நேர்ந்தது.

சென்ற ஆண்டு ஒரு காலை. மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்கு மூன்று மாணவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு. விடியுமுன்பே எழுந்து, குளித்து, மகிழுந்தில் அமர்ந்து சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஓர் ஒலி. அவ்வளவுதான். மீண்டும் திருப்பினேன். மீண்டும் ஒரே 'டக்'. சக ஆசிரியை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, மாணவர்களை அவருடன் அனுப்பிவிட்டு, வாசலில் நின்ற அந்த இரும்புக் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் என் தாத்தாவின் வலக்கை நினைவுக்கு வந்தது.

தாத்தாவின் மணிக்கட்டு

என் தாத்தா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். ரப்பர்ப் பாலையும் அரிசி மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் பழைய லாரி அது. அவருடைய வலது மணிக்கட்டு சற்றே கோணலாக இருக்கும். விரல்களை மடக்கிப் பேனாவைப் பிடிக்க அவரால் முடியாது. தோட்டப் பள்ளியில் படித்தபோது முத்து முத்தாக எழுதியவர் என்று பாட்டி சொல்வார். நான் நான்காம் ஆண்டு படித்த காலத்தில், ஊருக்கு எழுதும் கடிதங்களை எல்லாம் என்னைத்தான் எழுதச் சொல்வார். அவர் திண்ணையில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் தரையில் படுத்து எழுதுவேன். சொல் அவருடையது; எழுத்து என்னுடையது. நான் தமிழாசிரியனானதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

அந்த மணிக்கட்டுக்கு என்ன நேர்ந்தது என்று பல காலம் எனக்குத் தெரியாது. பிறகு என் தந்தையார் சொன்னார். லாரியின் பேட்டரி எப்போதும் வலுவிழந்தே இருக்குமாம். ஆகவே, விடியற்காலையில் முன்பக்கத்தில் ஹேண்டில் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். ஒரு மழைநாள் காலையில் அந்தக் கம்பி எதிர்த்திசையில் திருப்பி அடித்துவிட்டது. தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸர் கட்டுப் போட்டார். எலும்பு சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை.

இப்படி முறிந்தது என் தாத்தாவின் கை மட்டுமன்று. மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் முனை முறிவதற்கு மருத்துவ நூல்களில் 'ஓட்டுநர் முறிவு' என்றே பெயர் இருக்கிறது. ஒரு தொழிலின் பெயரால் ஓர் எலும்பு முறிவு வழங்கப்படும் அளவுக்கு அது பரவலாக இருந்திருக்கிறது.

கம்பி ஏன் திருப்பி அடித்தது?

பெட்ரோல் இயந்திரம் தானாகத் தொடங்காது. உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் கீழிறங்கி எரிபொருளையும் காற்றையும் உறிஞ்ச வேண்டும். மேலேறி அதை அழுத்த வேண்டும். அதன் பிறகே தீப்பொறி பற்றி வெடிப்பு நிகழும். முதல் வெடிப்பு நிகழும்வரை வெளியிலிருந்து யாராவது அதைச் சுழற்றிக் கொடுத்தாக வேண்டும். தொடக்க காலத்தில் அந்த 'யாராவது' மனிதனாக இருந்தான்.

அக்கால வண்டிகளில் தீப்பொறி எப்போது பாய வேண்டும் என்பதை ஓட்டுநரே ஒரு சிறு நெம்புகோலால் முன்பின்னாக மாற்றுவார். கிளப்பும்போது பொறியைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு முன்பே வெடிப்பு நிகழ்ந்து, அதைப் பின்னோக்கித் தள்ளும். கம்பி அப்போது நம் கையை எதிர்த்துச் சுழலும். இதனால்தான் கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்றும், கீழிருந்து மேலாக இழுக்க வேண்டுமே தவிர மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது என்றும் பழைய ஓட்டுநர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தும் கைகள் முறிந்தன.

மின்சார வண்டியும் மகளிரும்

இன்று மின்சார வாகனங்களைப் புதுமை என்கிறோம். உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க நகரங்களில் மின்சார வண்டிகள் ஓடின. புகையில்லை, இரைச்சலில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக ஹேண்டில் கம்பி இல்லை. ஆகவே அவை மகளிருக்கு ஏற்றவை என்று விற்பனை செய்யப்பட்டன. பெட்ரோல் வண்டிகளை உலகுக்கே விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்' என்னும் மின்சார வண்டியைத்தான் ஓட்டினார்.

பெட்ரோல் வண்டி வெகுதூரம் ஓடும். ஆனால் அதைக் கிளப்பத் தோள்வலிமை வேண்டும். வலுவற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வண்டி எட்டாத பொருளாகவே இருந்தது.

ஒரு கதையும் ஒரு பதிவும்

ஸ்டார்ட்டர் மோட்டார் பிறந்ததற்குக் காரணமாக ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. டெட்ராய்ட் நகரின் பெல் ஐல் பாலத்தில் ஒரு பெண்மணியின் வண்டி நின்றுவிட்டதாம். அவ்வழியே வந்த பைரன் கார்ட்டர் என்னும் வண்டித் தயாரிப்பாளர் இறங்கி உதவினாராம். கம்பி திருப்பி அடித்து அவருடைய தாடையைப் பெயர்த்துவிட்டது. அந்தக் காயமே அவரது உயிரைக் குடித்தது. அவருடைய நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லீலண்ட் மனம் நொந்து, இனி என் வண்டி எவர் உயிரையும் வாங்கக் கூடாது என்று உறுதி பூண்டார். இதுதான் கதை. பல நூல்கள் இது 1910இல் நடந்ததாக எழுதின.

கேட்கும்போதே நெஞ்சைத் தொடுகிறது. நானும் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பைரன் கார்ட்டர் 1908ஆம் ஆண்டிலேயே நுரையீரல் அழற்சியால் இறந்துவிட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. இறந்து ஈராண்டு ஆனவர் பாலத்தில் இறங்கி எப்படி உதவியிருக்க முடியும்? கம்பியால் பலர் காயமுற்றது உண்மை. லீலண்ட் ஒரு மாற்றுவழியை நாடியதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஓர் அழகிய கதை நிரப்பிக்கொண்டது. வரலாற்றில் இப்படி அடிக்கடி நிகழும். கதை இனிக்கிறது என்பதற்காக அதைப் பதிவாக ஏற்க முடியாது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர்

லீலண்டின் தேவையை நிறைவேற்றியவர் சார்லஸ் கெட்டரிங். 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லவுடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையில் பிறந்தவர். நம்மைப் போன்றவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: அவர் முதலில் கிராமப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்.

சிறு வயது முதலே அவருக்குக் கண்பார்வை மந்தம். பல்கலைக்கழகப் படிப்பைக் கண் கோளாற்றினால் இடையில் நிறுத்தினார். தொலைபேசிக் கம்பம் நடும் வேலைக்குச் சென்றார். பிறகு மீண்டும் கல்லூரிக்குத் திரும்பி, 1904ஆம் ஆண்டில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பார்வை மங்கிய அந்த மாணவரை, இவர் படிப்புக்கு ஆகாதவர் என்று எவரேனும் முடிவுகட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது.

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில், கடைகளில் பணம் வாங்கும் இயந்திரங்களைச் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தார். அதுவரை கைப்பிடியால் இயக்கப்பட்ட அந்தப் பணப்பதிவு இயந்திரத்துக்கு ஒரு மின்மோட்டாரைப் பொருத்தினார். பெட்டி திறக்கும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் மோட்டார் பெருவிசை தர வேண்டும், பிறகு ஓய்வெடுக்கலாம். இந்தச் சிறு நுணுக்கமே பின்னாளில் மகிழுந்து உலகை மாற்றியது.

1909ஆம் ஆண்டில் எட்வர்ட் டீட்ஸ் என்பவருடன் சேர்ந்து 'டெல்கோ' நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர்களுடைய ஆய்வுக்கூடம் டீட்ஸ் வீட்டுக் கொட்டகைதான். லீலண்டின் கோரிக்கை அங்கேதான் வந்து சேர்ந்தது.

இயந்திரத்தைச் சுழற்றும் அளவுக்கு ஆற்றல் வேண்டுமானால், மோட்டாரும் பேட்டரியும் வண்டி கொள்ளாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அன்றைய பொறியாளர் பலரின் கருத்து. நாள் முழுவதும் ஓடும் மோட்டாருக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால், இங்கே தேவை சில நொடிகள் மட்டுமே. அந்தச் சில நொடிகளில் ஒரு சிறு மோட்டாரின் தகுதிக்கு மீறிய மின்சாரத்தை அதில் பாய்ச்சினால், சூடேறி எரிவதற்குள் அது தன் வேலையை முடித்துவிடும். பணப்பெட்டியில் கற்ற பாடத்தை வண்டியில் எழுதிக் காட்டினார் கெட்டரிங். 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீலண்டின் முன்னிலையில் அது இயங்கியது. 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் ஸ்டார்ட்டரோடும் மின்விளக்குகளோடும் விற்பனைக்கு வந்தன. இயந்திரத்தைக் கிளப்பும் அதே பொறி, இயந்திரம் ஓடத் தொடங்கியபின் மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்கு மின்னேற்றியது. காப்புரிமை 1915இல் வழங்கப்பட்டது.

மின்சாரத்தால் வண்டியைக் கிளப்ப எண்ணியவர்களில் கெட்டரிங் முதல்வர் அல்லர். இங்கிலாந்தில் 1896ஆம் ஆண்டிலேயே ஆர்னால்டு என்னும் வண்டியில் டவ்சிங் என்பவர் மின்மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் 1903இல் ஒரு காப்புரிமை பெற்றார். நடைமுறைக்கு உகந்ததாகவும் பேரளவில் செய்யத்தக்கதாகவும் அதை ஆக்கியதே கெட்டரிங்கின் பெருமை.

அவரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அவர் தலைமையேற்றிருந்த ஆய்வுக்கூடத்தில்தான், 1921ஆம் ஆண்டில், பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறையைத் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். இயந்திரத்தின் இரைச்சல் தணிந்தது. ஆனால், அந்த ஈயப் புகை பல தலைமுறைக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. உலகின் கடைசி நாடும் மகிழுந்துகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்த 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கைகளைக் காத்த கண்டுபிடிப்பும் குழந்தைகளுக்குக் கேடு செய்த கண்டுபிடிப்பும் ஒருவரது பெயரோடு சேர்ந்தே நிற்கின்றன. மாணவர்களிடம் ஒருவரைப் புகழும்போது இரண்டையும் சொல்வதே முறை.

நம் மண்ணுக்கு வந்த கதை

ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி வண்டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் தயாரானது. அதற்கு மின் ஸ்டார்ட்டர் 1919ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் உருவாக்கிய பற்சக்கர அமைப்பும் இதே காலத்தில் பரவியது. மோட்டார் சுழலும்போது சிறு பற்சக்கரம் திருகு மரையில் நகர்ந்து சென்று இயந்திரத்தின் பெரிய சக்கரத்தோடு இணையும். இயந்திரம் கிளம்பியதும் தானாகவே விலகிக்கொள்ளும். இன்றும் பட்டறைகளில் அந்தப் பாகத்தைப் 'பெண்டிக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். காலால் மிதிக்கும் பொத்தானும், கையால் இழுக்கும் குமிழும் நெடுங்காலம் இருந்தன. ஒரே சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும் வசதியை 1949ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் வண்டிகள் கொண்டுவந்தன.

மலாயாவில் ஃபோர்டு நிறுவனம் 1926ஆம் ஆண்டில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. புக்கிட் தீமாவில் அதன் தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. நான்கே மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அதே தொழிற்சாலையின் அறையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமஷிதாவிடம் சரணடைந்தார். அந்தக் கட்டடம் இன்று நினைவுக்கூடமாக நிற்கிறது. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அது முதலில் வண்டி செய்வதற்காக எழுந்த கட்டடம் என்பதையும் சொல்ல மறக்க வேண்டாம்.

ஸ்டார்ட்டர் வந்த பிறகும் ஹேண்டில் கம்பி உடனே மறையவில்லை. போருக்குப் பின் நம் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளிலும் முன்பக்கத்தில் கம்பி செருகும் துளை இருந்தது. பேட்டரி கைவிட்டால் கை உதவ வேண்டும் என்பதே அதன் பொருள். உலகில் ஒரு வசதி பிறந்துவிட்டது என்பதால் அது எல்லார் கைக்கும் எட்டிவிட்டதாகாது. காடிலாக் வாங்கியவரின் மணிக்கட்டு 1912லேயே காப்பாற்றப்பட்டது. நல்ல பேட்டரி வாங்கித் தரப்படாத தோட்டத்து லாரி ஓட்டுநரின் மணிக்கட்டு அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் முறிந்தது.

ஒரே 'டக்' சொன்ன செய்தி

இனி என் வாசலுக்குத் திரும்புவோம். பக்கத்துத் தாமானில் உள்ள பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்து இறங்கினார். தடித்த கண்ணாடி அணிந்திருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் சிரித்தார்.

"சார், என்னைத் தெரியலையா? உங்க கிளாஸ்ல படிச்சேன் சார்."

தெரிந்தது. தெரிந்ததும் என் முகம் சற்று வாடியது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

"ஸ்டார்ட்டர் போயிடுச்சு தம்பி, புதுசா ஒண்ணு மாத்திடலாமா?" என்றேன்.

"பார்க்காம சொல்லக் கூடாது சார். பேட்டரியா இருக்கலாம், கேபிளா இருக்கலாம். முதல்ல ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றார்.

பெற்றோர்களே, அந்த இளைஞர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒலியைக் கேட்டார். சாவியைத் திருப்பும்போது 'டக்டக்டக்' என்று விரைந்து ஒலித்தால் பெரும்பாலும் பேட்டரி வலுவிழந்திருக்கும். மோட்டார் 'விர்' என்று சுழன்றும் இயந்திரம் அசையாவிட்டால் பற்சக்கரம் பிடிக்கவில்லை என்று பொருள். இரும்பு அரைபடும் ஒலி வந்தால் பற்கள் தேய்ந்திருக்கலாம். ஒலியே இல்லையென்றால் ஃபியூஸ், சாவிப் பகுதி, ஒயர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒரே ஓர் அழுத்தமான 'டக்' மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்காமல் இருந்தால், ஐயம் ஸ்டார்ட்டரின் பக்கம் திரும்பும்.

அடுத்து மீட்டரை எடுத்தார். பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. அது நல்ல நிலைதான். சாவியைத் திருப்பச் சொல்லி மீண்டும் பார்த்தார். 12க்குக் கீழே இறங்கவில்லை. "பேட்டரி வீக்கா இருந்தா இந்நேரம் ஒன்பது, எட்டுன்னு விழுந்திருக்கும் சார். இது விழவே இல்லை. மோட்டார் கரண்டை இழுக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெண்பச்சை உப்பைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். அதன் பிறகும் அதே 'டக்'. எதிர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் உடம்புக்கும் இடையே சோதித்தார்; எர்த் இணைப்பு சரியாக இருந்தது. நான் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, சாலினாய்டைக் கடந்து மோட்டாருக்குள் நுழையும் முனையிலும் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் அங்கும் வந்து நின்றது. ஆக, வாசல்வரை மின்சாரம் வருகிறது. வீட்டுக்குள் வாங்க ஆளில்லை.

"உள்ளே கார்பன் தேஞ்சிருக்கும் சார்" என்று சொல்லி, ஒரு நீண்ட கம்பியை ஸ்டார்ட்டரின் உடம்பில் வைத்து மெல்லத் தட்டினார். இப்போது சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. தேய்ந்து ஒட்டாமல் நின்ற கார்பன் துண்டு அந்த அதிர்வில் சற்று நகர்ந்து ஒட்டிக்கொண்டதுதான் காரணம். இது வைத்தியமன்று; பட்டறைவரை போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவே.

கழற்றும் முறை

அன்று மாலை பட்டறையில் அருகிருந்து பார்த்தேன். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். ஏன் அதை முதலில் கழற்ற வேண்டும் என்று கேட்டேன். வண்டியின் உடம்பு முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டதும் பேட்டரியின் முழு மின்சாரமும் அதன் வழியே பாயும். தீப்பொறியும் தீக்காயமும் உண்டாகும். எதிர்முனையைக் கழற்றிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். நம் மாணவர்கள் அறிவியலில் படிக்கும் மின்சுற்றுதான் இது.

வண்டியை ஜாக்கியால் உயர்த்தியபின் இருபுறமும் தாங்கிகளை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்கக் கூடாது. ஒயர்கள் இருந்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். பிறகு தடித்த கேபிளின் நட்டையும் மெல்லிய ஒயரையும் விடுவித்தார். ஸ்டார்ட்டரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் கீழ்போல்ட் எளிதில் வந்தது. மேல்போல்ட் கண்ணுக்குத் தெரியாத இடம்; நீட்டுக் கம்பி போட்டுக் கைத்தடவலிலேயே கழற்றினார். கடைசி மரை விடுபடும்போது ஒரு கையால் ஸ்டார்ட்டரைத் தாங்கிக்கொண்டார். சில கிலோ எடையுள்ள அந்த இரும்பு முகத்தில் விழுந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரித்துப் பார்த்தபோது நான்கு கார்பன்களில் இரண்டு முற்றிலும் தேய்ந்திருந்தன. புதிய கார்பன்களை வைத்து, செம்புப் பகுதியை நுண்ணிய மணல்தாளால் துடைத்து, மேசைப் பிடியில் இறுக்கி ஓட்டிப் பார்த்தார். சீறிச் சுழன்றது. மீண்டும் பொருத்தும்போது எல்லாம் தலைகீழ் வரிசை, எதிர்முனை கடைசி. புது ஸ்டார்ட்டர் வாங்கும் தேவையே இல்லாமற் போயிற்று. நான் காலையில் சொன்னபடி செய்திருந்தால், நல்ல நிலையில் இருந்த ஒரு பொருளைக் குப்பையில் எறிந்திருப்பேன்.

சொல்லாமல் விட்டது

இப்போது, என் முகம் வாடிய காரணம். நான்காம் ஆண்டில் அவன் என் வகுப்பில் இருந்தான். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுத மாட்டான்; பக்கத்துப் பையனின் ஏட்டையே பார்ப்பான். நான் அவனைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். தேர்ச்சி அறிக்கையில் 'முயற்சி போதாது' என்று எழுதினேன். ஓர் ஒலியைக் கேட்டதுமே ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிய அதே அவசரம். ஆறாம் ஆண்டில் வேறோர் ஆசிரியைதான் அவன் கண்களைக் கவனித்தார். அவன் தாயாரை அழைத்துப் பேசினார். கண்ணாடி வந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிப்போயின.

பட்டறையில் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அம்மா இன்னும் உங்களைச் சொல்வாங்க சார். நீங்கதானே எனக்குக் கண்ணு தெரியலைன்னு கண்டுபிடிச்சு, கண்ணாடி வாங்கச் சொன்னீங்க!"

ஒரு கணம் பேசாமல் இருந்தேன். இனிய கதை. எனக்குச் சாதகமான கதை. மறுக்க அங்கே எவருமில்லை. பெல் ஐல் பாலத்துக் கதையும் இப்படித்தான் யாரோ ஒருவரின் மௌனத்தில் வளர்ந்திருக்கும் என்று தோன்றியது.

"இல்லை தம்பி. அது நான் இல்லை" என்று தொடங்கி, அந்த ஆசிரியையின் பெயரைச் சொன்னேன். நான் எழுதிய அறிக்கையையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்து ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கினார். சிறிது நேரம் கழித்து, "டீச்சர் இப்போ எங்கே சார் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் பணி ஓய்வு பெற்று மகளோடு வசிக்கிறார் என்றேன். முகவரியை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த தீபாவளிக்கு அவர் தம் தாயாரோடு அந்த வீட்டுக்குச் சென்று வந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பில் ஏதேனும் ஒரு குழந்தை எத்தனை முறை சாவியைத் திருப்பியும் கிளம்பாமல் இருக்கலாம். அறிக்கையில் ஒரு சொல்லை எழுதுவதற்கு முன், கண்ணைப் பாருங்கள், காதைப் பாருங்கள், காலையில் உண்டதா என்று கேளுங்கள், வீட்டு நிலையை விசாரியுங்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சிரமப்பட்டால், கண் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

என் வண்டி இன்றும் ஓடுகிறது. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு காலையிலும் தாத்தாவின் மணிக்கட்டை நினைத்துக்கொள்கிறேன்.